வங்கக் கடல்மேல் எழுத்தும் குரலும்

சென்னையிலிருந்து கிழக்கே பறக்கும் விமானத்தோடு தரையில் இருப்பவர் தெளிவாகப் பேச முடிவது சுமார் 400 கிலோமீட்டர் வரைதான். விஎச்எஃப் ரேடியோ அலை நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவு குறுக்கிட்டதும் குரல் தேய்ந்து நின்றுவிடும். அதற்கப்பால் வங்கக் கடல். மலேசிய, இந்தோனேசிய வான்பரப்புகளின் எல்லை வரை விரிந்து கிடக்கும் அந்த வெளியில் பறக்கும் விமானங்களுக்கு வழிசொல்லும் பொறுப்பு இந்திய விமான நிலைய ஆணையத்தின் சென்னைக் கட்டுப்பாட்டு மையத்துக்கு உரியது. சிங்கப்பூர், கோலாலம்பூர் பக்கமிருந்து வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் விமானங்கள் இரவெல்லாம் இந்த வழியே வரிசை கட்டி வருகின்றன.

அவற்றில் பலவற்றோடு கட்டுப்பாட்டாளர் இன்று வாயால் பேசுவதில்லை, எழுதுகிறார். '37,000 அடிக்கு ஏறுக' என்ற கட்டளை சென்னையில் ஒரு கணினித் திரையிலிருந்து கிளம்புகிறது. செயற்கைக்கோளைத் தொட்டு, விமானியின் முன்னுள்ள சிறு திரையில் ஒரு வரியாக விழுகிறது. விமானி ஒரு பொத்தானை அழுத்துகிறார். சொன்னபடி செய்கிறேன் என்று பொருள்படும் 'வில்கோ' என்ற பதில் திரும்பி வருகிறது. கட்டுப்பாட்டாளர்–விமானி தரவு இணைப்புத் தொடர்பு என்று இதற்குப் பெயர். துறையில் இருப்பவர்கள் சிபிடிஎல்சி என்பார்கள்.

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் இதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் மாவட்டத்தின் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்ற அறிவிப்பு 2022-ல் வந்தது. அன்றுமுதல் இங்கே விமானம் என்றால் நிலம், ஏரி, இழப்பீடு, ஏகனாபுரத்து மக்களின் போராட்டம் என்றுதான் பேச்சு. பேசியே ஆக வேண்டிய விஷயங்கள் அவை. ஆனால் வானத்தில் போகும் அந்த உயிர்களை யார், எந்த முறையில், எவ்வளவு கவனத்தோடு நடத்திச் செல்கிறார்கள் என்பதும் நாம் கேட்க வேண்டிய கேள்வி. தமிழில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தரவு இணைப்பைப் போற்றுகிறவர்கள் 'எழுத்தில் தவறு நேராது' என்கிறார்கள். அந்தப் பாராட்டு இடம் மாறி விழுந்திருக்கிறது என்பது என் கருத்து. இந்த முறை செய்த பேருதவி, குரல் எட்டாத இடத்தை எட்டியது. எட்டியதாலேயே புரிந்துவிட்டது என்று நாம் நம்பத் தொடங்கும் இடத்தில் அதன் ஆபத்தும் தொடங்குகிறது.

குரல் மட்டும் இருந்த காலம்

தரவு இணைப்பு வருவதற்கு முன் கடல்மேல் பறக்கும் விமானத்துக்கு இருந்த ஒரே வழி எச்எஃப் ரேடியோ. அந்த அலை வானத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் போகும். ஆனால் பகலில் ஒரு அலைவரிசை கேட்கும், இரவில் அதுவே செத்துப்போகும். சூரியனில் ஒரு கொந்தளிப்பு வந்தால் எல்லாமே இரைச்சலாகிவிடும். பல இடங்களில் விமானியிடம் பேசுகிறவர் கட்டுப்பாட்டாளர்கூட அல்ல. நடுவில் ஒரு ரேடியோ ஆபரேட்டர் கேட்டு, எழுதி, கட்டுப்பாட்டாளருக்கு அனுப்புவார். பதிலும் அதே வழியில் திரும்பும். உயரம் மாற்றிக்கொள்ள அனுமதி கேட்ட விமானிக்குப் பதில் வருவதற்குள் அந்த உயரத்துக்கு வேறொரு விமானம் வந்திருக்கும்.

விமானம் எங்கே இருக்கிறது என்று சென்னைக்குத் தெரிவதும் விமானி சொன்னால்தான். குறித்த புள்ளியைக் கடக்கும்போதெல்லாம் நேரம், உயரம், அடுத்த புள்ளி ஆகியவற்றை அவர் சொல்ல வேண்டும். சொன்னது ஒரு முறை, கேட்டது இன்னொரு முறை, எழுதியது மூன்றாவது முறை. மூன்றில் எங்கேயும் ஒரு எண் மாறலாம். அந்த ஐயத்துக்கு விலையாகக் கொடுத்தது இடைவெளி. ஒரே உயரத்தில் முன்னும் பின்னும் போகும் இரண்டு விமானங்களுக்கு நடுவே, வேகத்தைக் கட்டுப்படுத்தினாலும் 10 நிமிடம் விட வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 கடல் மைல் பறக்கும் ஜெட் விமானத்துக்கு அது 80 கடல் மைல், அதாவது சுமார் 150 கிலோமீட்டர். அவ்வளவு இடம் இல்லாதபோது பின்னால் வருபவர் தாழ்ந்த உயரத்தில் பறக்க வேண்டும். தாழ்ந்தால் காற்று அடர்த்தி கூடும், எரிபொருள் கூடுதலாகக் கரையும்.

எழுத்தின் இலக்கணம்

1983-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, எதிர்கால வான்வழிச் செலுத்தத்தைத் திட்டமிட ஒரு குழுவை அமைத்தது. அதன் சிந்தனையை வைத்து போயிங் நிறுவனம் ஃபான்ஸ்-1 என்ற கருவித்தொகுப்பை உருவாக்கியது. 1995-ல் தென் பசிபிக்கில் 747-400 விமானங்களில் அது நடைமுறைக்கு வந்தது. ஏர்பஸ் தன் பங்குக்கு ஃபான்ஸ்-ஏ கொண்டுவந்தது. இந்தியாவில் சென்னை, கொல்கத்தா மையங்களில் 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் சோதனையாகத் தொடங்கி, பிறகு அன்றாட நடைமுறையானது.

இதன் நடைமுறையைத் தெரிந்துகொண்டால்தான் நிறைகுறைகளை எடைபோட முடியும். சென்னை வான்பரப்புக்குள் நுழைவதற்கு 10 முதல் 25 நிமிடம் முன்பே விமானி 'லாகான்' செய்ய வேண்டும். சென்னைக்கு உரிய நான்கெழுத்துக் குறியீடு விஓஎம்எஃப். அந்த முகவரிக்குத் தன் பயண எண்ணையும் விமானத்தின் பதிவெண்ணையும் அனுப்புவார். தரையில் உள்ள கணினி அதைத் தன்னிடமிருக்கும் பறப்புத் திட்டத்தோடு ஒப்பிடும். ஒரு எழுத்தோ, எண்ணுக்கு முன்னால் வரும் ஒரு பூஜ்யமோ மாறியிருந்தால்கூடக் கதவு திறக்காது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மையம்தான் விமானத்துக்குக் கட்டளையிட முடியும். கோலாலம்பூர் தன் கட்டுப்பாட்டை விடும்போது அடுத்த அதிகாரம் சென்னை என்று விமானத்துக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போகும். இரண்டு எசமானர்கள் ஒரே நேரத்தில் ஆணையிடும் குழப்பம் இதனால் அடிப்படையிலேயே தடுக்கப்படுகிறது.

செய்திகள் பெரும்பாலும் முன்பே வார்த்து வைக்கப்பட்டவை. கட்டுப்பாட்டாளர் வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து எண்ணை மட்டும் நிரப்புவார். விமானியின் பதிலும் அப்படியே: 'வில்கோ' என்றால் செய்கிறேன், 'அனேபிள்' என்றால் இயலாது, 'ஸ்டாண்ட்பை' என்றால் பொறுங்கள். கேள்விக்குப் பதில் வரும் வரை அந்த உரையாடல் மூடப்படாமல் திரையில் நிற்கும். காக்பிட்டில் இரண்டு விமானிகளும் செய்தியைத் தனித்தனியே, மௌனமாகப் படிக்க வேண்டும். பிறகு ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் பதில் அனுப்ப வேண்டும். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் தலையாட்டுவது கூடாது. கேட்டவர் கண், காது சொன்னதைத்தான் பார்க்கும் என்ற அனுபவத்தில் எழுந்த விதி இது. எனக்கு இந்த நடைமுறை முழுவதிலும் மிக உயர்ந்ததாகத் தோன்றும் விதியும் இதுவே.

இதோடு இரட்டைப் பிள்ளையாக வந்தது ஏடிஎஸ்-சி. விமானத்தின் கணினி தரையோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, குறித்த இடைவெளியில் தன் இடம், உயரம், அடுத்துப் போகும் திசை ஆகியவற்றைத் தானே அனுப்பும். அனுமதித்த உயரத்தை விட்டு விலகினால் உடனே சொல்லும். விமானி வாய் திறக்கவே வேண்டியதில்லை.

கிடைத்தவை

நிறையை நிறையென்று சொல்லித்தான் ஆக வேண்டும். 2011-ல் வங்கக் கடல் வழித்தடங்களில், தகுதியுள்ள விமானங்களுக்கு நடுவே முன்பின் இடைவெளி 50 கடல் மைலாகக் குறைக்கப்பட்டது. சுமார் 93 கிலோமீட்டர். மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து சென்னையை நோக்கி வரும் என்571 தடமும் அவற்றில் ஒன்று. முன்பு இரண்டு விமானம் போன நீளத்தில் மூன்றாவதற்கும் இடம் கிடைத்தது. அதிக விமானங்கள் தமக்கு ஏற்ற உயரத்தில் பறந்தன. எரிபொருளும் புகையும் குறைந்தன.

இரண்டாவது நன்மை உச்சரிப்பின் சிக்கல் மறைந்தது. கொரிய விமானி, அரபு விமானி, தமிழ்க் கட்டுப்பாட்டாளர் மூவரும் ஆங்கிலம் பேசினாலும் மூன்று ஆங்கிலம். விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத் தேர்ச்சியில் நான்காம் நிலை வேண்டும் என்று ஐகாவோ 2008 முதல் வலியுறுத்துகிறது. ஆனாலும் இரைச்சலுக்கு நடுவே எண்கள் நழுவும். எழுத்தில் 350 என்பது எல்லோருக்கும் 350.

மூன்றாவது, நம்பகம். செய்தி வழியில் சிதைந்தால் கணினி அதைக் கண்டுபிடித்துத் தள்ளிவிடும். அரைகுறையாகக் கேட்ட கட்டளை என்ற ஒன்று இங்கே கிடையாது. வந்தால் முழுதாக வரும், இல்லையேல் வராது. விமானி விரும்பினால் பத்து நிமிடம் கழித்தும் திரும்பிப் படிக்கலாம். நடந்தது என்ன என்று பின்னால் விசாரிப்பவர்களுக்கும் எழுத்து சாட்சியாக நிற்கிறது.

தெளிவு என்ற வாதம் எங்கே இடறுகிறது

குரல் எத்தனை உயிர்களைக் குடித்தது என்ற பட்டியலோடுதான் தரவு இணைப்பின் ஆதரவாளர்கள் தொடங்குவார்கள். பட்டியல் உண்மையானது. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசியதால் முக்கியமான வார்த்தைகள் சீழ்க்கை ஒலியில் மறைந்தன. 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூர் சுபாங் நிலையத்தை நெருங்கிய ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார் கட்டுப்பாட்டாளர். ஆங்கிலத்தில் 'டு' என்ற ஒலிக்கு இரண்டு என்றும் பொருள், 'வரை' என்றும் பொருள். '400 அடி வரை' என்று எடுத்துக்கொண்டார் விமானி. விமானம் மலையில் மோதி நால்வரும் மாண்டார்கள். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானத்தில் சவுதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கசகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கியதே காரணம் என்றது நீதிபதி லஹோதி ஆணையம். குழுவின் ஆங்கிலக் குறைபாடும் அதற்குத் துணைபோனது.

இந்த மூன்றையும் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒன்று ஓடுபாதையில் நடந்தது. மற்ற இரண்டும் விமான நிலையத்தை நெருங்கும்போது அல்லது விட்டு ஏறும்போது நடந்தன. கடல்வெளியில் நாம் பயன்படுத்தும் இந்தத் தரவு இணைப்பு அந்த இடங்களில் பயன்படாது. அங்கே நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். எழுத்துக்கு அந்த வேகம் இல்லை. அவசரமில்லாத, வழக்கமான செய்திகளுக்கு மட்டுமே சிபிடிஎல்சி என்று நடைமுறையே வரையறுக்கிறது. குரலின் பிழையால் பெரும் சாவு நேர்ந்த இடங்களில் எழுத்து நுழைவதில்லை. எழுத்து ஆளும் கடல்வெளியில் இவற்றுக்கு இணையான சாவு குரலால் நேர்ந்ததில்லை. ஆகவே டெனரீஃபைக் காட்டி வங்கக் கடலுக்கு நியாயம் சொல்வது பொருந்தாது.

வேகம் எவ்வளவு என்று நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஆர்சிபி240 என்ற தரநிலையின்படி, ஒரு கட்டளை கிளம்பிப் பதில் வந்து சேரும் பரிமாற்றங்களில் 95 சதவீதம் 210 நொடிக்குள்ளும், 99.9 சதவீதம் 240 நொடிக்குள்ளும் முடிய வேண்டும். நான்கு நிமிடத்தில் ஜெட் விமானம் 60 கிலோமீட்டர் பறந்துவிடும். கட்டளை கிளம்பும்போது காஞ்சிபுரத்தின் மேல் இருந்த விமானம், பதில் வரும்போது சென்னை எல்லையில் இருக்கும். 93 கிலோமீட்டர் இடைவெளியுள்ள கடல்வெளியில் இது போதும். மேலே விரைவாக எழும் இடிமேகம் எதிரே நின்றால் போதாது. அப்போது விமானி குரலைத்தான் தேட வேண்டும்.

எழுத்துக்கே உரிய பிழைகள்

குரலின் பிழை காதில் நேர்கிறது. எழுத்தின் பிழை கண்ணில் நேர்கிறது. மிகவும் பேர்போனது நிபந்தனைக் கட்டளை. 'அட் 0230 கிளைம்ப் டு எஃப்எல்370' என்று ஒரு செய்தி வருகிறது, 2.30 மணிக்கு 37,000 அடிக்கு ஏறுக என்று பொருள். அதிகாலையில், எட்டு மணி நேரம் பறந்து களைத்த கண், தான் எதிர்பார்த்திருந்த 'ஏறுக' என்ற சொல்லையும் 370 என்ற எண்ணையும் பிடித்துக்கொள்கிறது. முன்னால் நிற்கும் இரண்டெழுத்து 'அட்' நழுவிவிடுகிறது. விமானி உடனே ஏறத் தொடங்குகிறார். 2.30 வரை அந்த உயரம் இன்னொருவருடையது. வட அட்லாண்டிக்கில் இந்தப் பிழைக்காகத் திரும்பத் திரும்ப எச்சரிக்கைகள் வெளியிடப்பட்டன. குரலில் இதே கட்டளை வந்திருந்தால் விமானி அதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். 'அட்' விடுபட்டிருந்தால் கட்டுப்பாட்டாளர் காதில் அது உறுத்தியிருக்கும். 'வில்கோ' பொத்தானில் உறுத்த ஒன்றும் இல்லை. படித்தேன் என்று அது சொல்கிறது. என்ன படித்தேன் என்று சொல்வதில்லை.

இது எழுத்து நடைமுறையின் மையத்தில் உள்ள குறை என்று நான் கருதுகிறேன். திருப்பிச் சொல்லுதல் என்ற பழைய வழக்கம் புரிந்ததற்குச் சான்று கேட்டது. புதிய வழக்கம் பெற்றதற்கு மட்டும் சான்று வாங்கிக்கொள்கிறது.

பல கட்டளைகளை ஒரே செய்தியில் கோர்ப்பதும் இப்படித்தான். ஏறு, வேகம் குறை, புள்ளியைக் கடந்ததும் தெரிவி என்று மூன்றையும் சேர்த்து அனுப்பினால் விமானி மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதிலைத்தான் தர முடியும். ஒன்று இயலாதென்றாலும் எல்லாவற்றுக்கும் 'அனேபிள்' சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளரின் விரலுக்கு மிச்சமாகும் ஒரு நொடி, மேலே இருப்பவரின் மூளைக்குச் சுமையாகிறது.

தாமதமாக வரும் எழுத்து இன்னும் கொடியது. 2017-ல் பசிபிக் வழியில் ஒரு விமானத்துக்கு அனுப்பிய உயர மாற்ற அனுமதி, செயற்கைக்கோள் இணைப்புக் கோளாறால் வழியில் தங்கிவிட்டது. அதே விமானம் அடுத்த பயணத்தில் இருந்தபோது அந்தப் பழைய செய்தி வந்து விழுந்தது. விமானி அதை நம்பி ஏறினார். தொனியில் பழசு புதுசு தெரியும், எழுத்தில் தெரியாது. இதைத் தடுக்கத்தான், செய்தி இத்தனை நொடிக்கு மேல் பழையதானால் எச்சரிக்கை தரவேண்டும் என்று விமானத்தின் கணினியில் ஒரு அளவை அமைக்கச் சொல்லும் நடைமுறை உண்டு. அந்த அளவை ஒவ்வொரு பயணத்திலும் அமைப்பது மனிதக் கை. மறப்பதும் அதே கை.

கதவே திறக்காமல் போகும் நிலையும் உண்டு. 2009 ஜூன் 1 அதிகாலை, ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 விமானம், உலக நேரம் 1.33, 1.35, 2.01 என மூன்று முறை டக்கார் மையத்தோடு தரவு இணைப்பு கோரியது. டக்காரின் கணினியில் அந்த விமானத்தின் பறப்புத் திட்டம் இல்லாததால் மூன்றும் நிராகரிக்கப்பட்டன. கடைசி முயற்சிக்குச் சில நிமிடங்களில் விமானம் கடலில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். விபத்துக்கு அது காரணமல்ல. வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி உறைந்ததும் அதன்பின் விமானத்தைக் கையாண்ட விதமும்தான் காரணம். ஆனால் ஒரு மையமும் அந்த விமானத்தோடு இணைப்பில் இல்லாத நிலையில், ஆபத்து அறிவிப்பு எழ ஆறு மணி நேரத்துக்கும் மேலானது. அதே இரவில் அந்த விமானத்தின் கணினி, பழுதுகளைப் பற்றி 24 தானியங்கிச் செய்திகளைப் பாரிஸில் உள்ள பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு வழியில் தகவல் கொட்டியது. கவனிக்க வேண்டியவரிடம் ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. எழுத்து எங்கே சேர்கிறது என்பதும் எழுத்தின் பகுதியே.

இன்னொரு இழப்பு மெல்லியது. ஒரே அலைவரிசையில் எல்லோரும் பேசிய காலத்தில், முன்னால் போகும் விமானி குலுக்கல் பற்றிச் சொன்னால் பின்னால் வருபவரும் கேட்பார். அடுத்தவருக்கு எந்த உயரம் தரப்பட்டது என்றும் தெரியும். தனக்குத் தரப்பட்ட உயரத்தில் முன்பே ஒருவர் இருப்பதைக் கேட்டு, கட்டுப்பாட்டாளரின் பிழையை விமானியே சுட்டிக்காட்டவும் வழி இருந்தது. தனித்தனிக் கடிதமாகிவிட்ட பிறகு ஊர்ப்பொதுக் காது இல்லாமல் போய்விட்டது.

கடைசியாகப் பாதுகாப்பு. ஃபான்ஸ் செய்திகள் 1978-ல் பிறந்த ஏக்கார்ஸ் என்ற வலைத்தொடர்பின் மேல் ஏறிப் போகின்றன. அனுப்பியவர் உண்மையில் சென்னைக் கட்டுப்பாட்டாளர்தானா என்று நிரூபிக்கும் முத்திரை எதுவும் அதில் இல்லை. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திக்கே போலி வரும் காலத்தில் இது சிறிய குறை அல்ல.

தறியிலிருந்து ஒரு பாடம்

எங்கள் ஊர்த் தறிகளில் இந்த இரண்டு வழியும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கின்றன. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளர் ஒரு பக்கம், உதவியாள் மறு பக்கம். இரண்டு பேர் கையும் ஒரே கணக்கில் போக வேண்டும். ஒருவர் தவறினால் அந்த இழையிலேயே தெரிந்துவிடும். ஒரு சத்தம், தறி நிற்கும், இழையைப் பிரித்துச் சரிசெய்வார்கள். பூவேலைக்கோ ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் தொங்குகின்றன. துளை சொன்னபடி இழை எழும்பும். அட்டைக்குக் களைப்பு இல்லை, காது மந்தம் இல்லை, ஆயிரம் பூவும் ஒரே அச்சில் விழும். ஆனால் ஒரு துளை தவறாக விழுந்திருந்தால் அந்தத் தவறும் ஒவ்வொரு பூவிலும் அதே ஒழுங்கோடு விழும். அட்டை சத்தம் போடாது. பூ சரியாக விழுகிறதா என்று பார்ப்பது தறியில் உட்கார்ந்திருப்பவரின் கண்தான்.

அட்டை வந்ததால் காஞ்சிபுரத்தில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு நெய்யவில்லை. துணியைப் பார்த்தபடியேதான் நெய்கிறார்கள். கட்டளையைப் பார்த்தால் போதாது, கட்டளையின் விளைவைப் பார்க்க வேண்டும் என்ற இந்தப் பழக்கம் வானத்திலும் வேண்டும்.

எடைபோட்டால்

குறைகளைச் சொன்னதால் பழைய எச்எஃப் இரைச்சலுக்குத் திரும்பலாம் என்று நான் சொல்லவில்லை. வங்கக் கடலில் இன்று ஓடும் விமானக் கூட்டத்தை அந்த இரைச்சலை நம்பி நடத்த முடியாது. எட்டாத இடத்தை எட்டியதிலும், இடைவெளியை நம்பகத்தோடு குறைத்ததிலும் இந்த முறை தன் தகுதியை நிரூபித்துவிட்டது. 2014 மார்ச் 8 அன்று காணாமல்போன எம்எச்370 விமானத்தின் கடைசி ரேடார் தடம் பதிந்ததும் சென்னையை நோக்கி வரும் இதே என்571 வழியில்தான். அதன்பின் 15 நிமிடத்துக்கு ஒரு முறையாவது கடல்மேல் போகும் விமானத்தின் இடம் தெரிந்தாக வேண்டும் என்று ஐகாவோ கொண்டுவந்த விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஏடிஎஸ்-சி போன்ற முறைகள் இல்லாமல் அதைக் கடைப்பிடிப்பது கடினம். ஆனால் கருவியின் மின்சாரம் நின்றால் எழுத்தும் நிற்கும் என்பதையும் அதே விமானம் நமக்குச் சொல்லிச் சென்றது.

அவசரமாகப் பரப்புவதும் சரியல்ல. ஐரோப்பா 2009-ல் தரவு இணைப்பைக் கட்டாயமாக்கி, விமானங்களுக்கு 2015 என்று கெடு வைத்தது. இணைப்புகள் நடுவில் அறுந்துபோகும் சிக்கலால் அந்தக் கெடுவை 2020-க்குத் தள்ள வேண்டியிருந்தது. நிலத்தின்மேல், நெரிசலான வானத்தில், கருவியைவிட நடைமுறைதான் பழுத்திருக்க வேண்டும் என்பதை அந்த ஐந்தாண்டுத் தாமதம் கற்பித்தது.

செய்ய வேண்டியவை தெரியாதவை அல்ல. நிபந்தனையுள்ள ஏற்ற இறக்கக் கட்டளைகளை எழுத்தில் அனுப்புவதைத் தவிர்க்கலாம். நேரம் வரும்போது நேரடிக் கட்டளையாக அனுப்பலாம். ஒரு செய்திக்கு ஒரு கட்டளை என்பதை விருப்பமாக விடாமல் வழக்கமாக்கலாம். வழித்தடத்தை மாற்றிக் கட்டளை அனுப்பினால், உன் கணினியில் ஏற்றிய வழி எது என்று விமானத்தைக் கேட்டு வாங்கி ஒப்பிடும் முறை வட அட்லாண்டிக்கில் நடக்கிறது. பொத்தான் பறித்துக்கொண்ட 'திருப்பிச் சொல்லுதல்' அந்த வழியே திரும்பி வருகிறது. அதை எங்கும் பரப்பலாம். ஏடிஎஸ்-சி தரும் உயரமும் கட்டளையிட்ட உயரமும் பொருந்தாதபோது திரை உரக்க எச்சரிக்க வேண்டும். அண்டை மையங்களுக்குப் பறப்புத் திட்டம் போய்ச் சேர்ந்ததா என்பதை யாராவது ஒருவர் தன் பெயரால் பொறுப்பேற்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, குரலை மறக்கக் கூடாது. பிரயாக்ராஜில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்துப் பயிற்சிக் கல்லூரியில் பயின்று வரும் புதிய தலைமுறைக் கட்டுப்பாட்டாளர், கடல் பகுதியில் இரவெல்லாம் பொத்தான் அழுத்தியே பழகிவிட்டால், இணைப்பு அறுந்த இரவில் இரைச்சலுக்கு நடுவே பத்து விமானங்களைக் குரலால் பிரித்து நிறுத்தும் திறன் எங்கிருந்து வரும்? எழுத்து தோற்கும்போது குரல் காப்பாற்றும் என்பதுதான் இந்த நடைமுறையின் கடைசி அரண். பயிற்சி இல்லாத அரண் காகிதத்தில் மட்டும் நிற்கும். சென்னை மையத்தில் குரல்வழிப் பயிற்சிக்குத் தனி நேரம் ஒதுக்குவது, புதிய கருவி வாங்குவதற்குச் சமமான செலவாக மதிக்கப்பட வேண்டும். பரந்தூர் நிலையம் எழுந்தால், ஓடுபாதைக்கும் முனையத்துக்கும் போடும் கணக்கில் இந்த மனிதர்களின் பயிற்சிக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.

தரவு இணைப்பு நல்ல முறை. அதை நடத்துகிறவர் அதை முழுதாக நம்பாத வரை அது நல்ல முறையாகவே இருக்கும். 'வில்கோ' என்ற சொல் திரையில் வந்ததோடு கட்டுப்பாட்டாளரின் வேலை முடிவதில்லை. சொன்ன நேரத்தில், சொன்ன உயரத்தில் விமானம் இருப்பதைப் பார்த்த பிறகே அந்த வேலை முடிகிறது.